மணலில் எழுதிய பாடம்
(லூத்தரன் திருச்சபையாரின் தொடக்கக் கல்வி முறையும் தமிழ்த் திண்ணையும்)

"இளமையிற் கல்வி சிலையில் எழுத்து" என்பது நம் நாட்டுப் பழமொழி. இளமையில் கற்றது கல்லிற் பொறித்ததனை ஒக்கும் என்னும் இதே கருத்து அரபு மொழியிலும் பழமொழியாக வழங்குகின்றது. கடலால் பிரிந்த இரு மொழியினர் ஒரே உவமையைக் கையாண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது. ஆயின், கல்லிற் பொறிக்கப்பெற்றது இன்னதென்று அக்குழந்தை அறிந்ததா என்னும் வினாவினைப் பழமொழி எழுப்புவதில்லை. அவ்வினாவினையே கல்வியின் நடுப்பகுதியில் வைத்துப் போற்றிய ஒரு மரபினைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

இக்கட்டுரை எழுதக் காரணமாயிருந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. நம் துறை மாணவியர் சிலர் காசிமேட்டுப் பகுதியில் மாலை நேரங்களில் சிறுவர்க்குப் பாடம் சொல்லித் தருகின்றனர். ஒருநாள் நாமும் உடன் சென்றிருந்தோம். மூன்றாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி கடலைப் பற்றிய செய்யுள் ஒன்றனைத் தங்குதடையின்றி ஒப்பித்தாள். அதில் 'கலம்' என்னும் சொல் வந்தது. "கலம்னா என்னம்மா?" என்று நம் மாணவி வினவினாள். "தெரியாதுக்கா. ஆனா ஒரு எழுத்துகூட விடாம சொல்லுவேன்" என்றாள் சிறுமி. அவள் தந்தையார் விசைப்படகில் மீன்பிடிக்கச் செல்பவர். நாள்தோறும் கலத்தைக் கண்ணாற் காண்பவள், பாட்டில் அதனைக் காணவில்லை. சிலையில் எழுத்து இருந்தது. அதனைப் படிக்கும் கண் திறக்கப்படவில்லை.

முஸ்லிம் பெருமக்களால் நடத்தப்பெறும் நம் கல்லூரியின் மலரில் லூத்தரன் கிறித்தவரின் கல்வி முறைக்கு என்ன தொடர்பு எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். நல்லறிவு எவரிடத்திருப்பினும் சென்று கொள்ளத்தக்கது என்பது நம் முன்னோர் காட்டிய நெறி. மேலும், இம்முறை தமிழகத்திற்கு வந்தபொழுது நம் திண்ணைப் பள்ளியோடு கலந்தது. அக்கலப்பின் தடம் சென்னை நகரிலும் பதிந்துள்ளது. ஆதலின் இது பிறர் கதையன்று, நம் கதையுமாகும்.

மூன்று படிகள்

செருமானிய நாட்டில் 1517ஆம் ஆண்டு சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் (1483–1546), பள்ளிக் கல்வியைப் பற்றியும் ஆழ்ந்து சிந்தித்தவர். 1524இல் நகர மன்றத்தார்க்கு எழுதிய நூலில், ஆண் பெண் இருபாலார்க்கும் பள்ளிகள் அமைத்தல் வேண்டும் என வற்புறுத்தினார். 'பிள்ளைகள் வீட்டு வேலைக்கு வேண்டுமே' எனப் பெற்றோர் தடை கூறுவர் என்பதனையும் அவர் அறிந்திருந்தார். ஆண்பிள்ளைகள் நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரம் பள்ளி சென்று எஞ்சிய பொழுதில் தொழில் பழகலாம். பெண்பிள்ளைகளும் ஒரு மணி நேரமேனும் பள்ளிக்கு வரலாம் என்று வழி கூறினார். உழைப்பாளர் இல்லத்து நிலையை உணர்ந்து கூறிய கருத்து இது.

சாக்சனி நாட்டுச் சிற்றூர்களைப் பார்வையிடச் சென்றபொழுது, மக்கள் தம் சமயத்தின் அடிப்படைகளைக்கூட அறியாதிருப்பதனை லூத்தர் கண்டார். அதன் விளைவே 1529இல் வெளிவந்த 'சிறு ஞானோபதேசம்'. இந்நூற் பகுதிகள் முதலில் சுவரில் தொங்கவிடும் தாள்களாக அச்சிடப்பெற்றன. குடும்பத் தலைவர் தம் வீட்டார்க்கு எளிமையாகக் கற்பிக்கத்தக்க முறையில் அவை அமைந்தன. ஒவ்வொரு சிறு பகுதிக்கும் பின்னே 'இது என்ன?' என்னும் வினா நிற்கும். அதற்குக் குழந்தை சொல்லத்தக்க சுருக்கமான விடை தொடரும்.

இந்நூலின் முன்னுரையில் கற்பிக்கும் முறையை லூத்தர் மூன்று படிகளாக வகுத்துள்ளார். முதற்படி, மாறாத ஒரே பாடத்தைச் சொல்லுக்குச் சொல் பதியவைத்தல். இன்று ஒருவிதமாகவும் மறுநாள் வேறுவிதமாகவும் சொன்னால் இளம் பிள்ளைகள் குழம்புவர் என்பது அவர் கருத்து. இரண்டாம் படி, பாடம் பதிந்தபின் பொருளை உணர்த்துதல். அனைத்தையும் ஒரே வேளையில் திணிக்காது, ஒன்றனை முடித்தபின் மற்றொன்றனை எடுத்தல் வேண்டும். மூன்றாம் படி, விரிந்த விளக்கத்திற்குச் செல்லுதல். இதனுள் ஒரு நுட்பம் உண்டு. கேட்போர் யாரோ அவர்தம் வாழ்க்கைக்கு வேண்டிய பகுதியை அழுத்திக் கூறுதல் வேண்டும் என்றார். களவு கூடாது என்னும் கட்டளையைக் கைவினைஞர்க்கும் வணிகர்க்கும் உழவர்க்கும் ஏவலர்க்கும் வற்புறுத்துக. பெற்றோரை மதித்தல் என்னும் கட்டளையைச் சிறுவர்க்கு வற்புறுத்துக என்று எடுத்துக்காட்டும் தந்தார்.

மனப்பாடம் வேண்டுமா, பொருளுணர்வு வேண்டுமா என்று இன்று வாதிடுவோர் உளர். லூத்தர் இரண்டனையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். முதற்படியின்றி இரண்டாம் படி இல்லை. இரண்டாம் படிக்கு ஏறாதவர்க்கு முதற்படியால் பயனில்லை.

விளையாட்டும் இசையும்

குழந்தையின் இயல்பறிந்து கற்பித்தல் இம்மரபின் மற்றொரு கூறு. 1526இல் எழுதிய வழிபாட்டு நூலின் முன்னுரையில் லூத்தர் ஒரு விளையாட்டினைக் கூறுகின்றார். நம்பிக்கை, அன்பு என இரண்டு பைகள் குழந்தையின் உள்ளத்தில் இருப்பதாகக் கற்பனை செய்தல் வேண்டும். தான் கேட்ட நல்லுரைகளைக் காசு போடுவதுபோல் உரிய பையில் இட்டு வருமாறு குழந்தையைப் பழக்குதல் வேண்டும். இஃது இவ்வகைத்து, அஃது அவ்வகைத்து எனப் பிரித்தறியும் ஆற்றல் விளையாட்டிலேயே வளர்ந்துவிடுகின்றது. இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று எவரும் இகழற்க. குழந்தையைப் பயிற்ற விரும்புவோர் குழந்தையோடு குழந்தையாதல் வேண்டும் என்பது அவர் தரும் விளக்கம்.

லூத்தரின் தோழர் மெலாங்தன் 1528இல் வகுத்த பள்ளி ஒழுங்கில் மாணவர் மூன்று குழுவினராகப் பிரிக்கப்பெற்றனர். எழுத்துக் கூட்டக் கற்போர் ஒரு குழு. படிக்கக் கற்று இலக்கணம் தொடங்குவோர் ஒரு குழு. அவருள் தேர்ந்தோர் ஒரு குழு. பல நூல்களைச் சுமத்திப் பிள்ளைகளை வருத்துதல் கூடாது என்றும், நாள்தோறும் நண்பகலுக்குப்பின் அனைவரும் இசை பயிலுதல் வேண்டும் என்றும் அவ்வொழுங்கு கூறிற்று. வயதைக் கொண்டன்றி நிலையைக் கொண்டு பிரிக்கும் முறையை நாமும் அண்மையில் கண்டோம். 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையினராகப் பிரிக்கப்பெற்றனர். நல்ல முறைகள் காலந்தோறும் புதிய பெயருடன் திரும்பி வருகின்றன போலும்!

தரங்கம்பாடியில் நிகழ்ந்தது

இம்மரபு தமிழ் மண்ணில் கால் வைத்த நாள் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாளாகும். அன்று செருமானியராகிய பார்த்தலோமேயு சீகன்பால்குவும் என்றிக் புளூட்சௌவும் டேனிசு மன்னரால் அனுப்பப்பெற்றுத் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு ஆலே நகரில் பயின்றவர். அங்கு ஆகஸ்ட் எர்மன் பிராங்கே என்பார் 1695இல் ஏழைச் சிறுவர்க்கெனத் தொடங்கிய பள்ளி, பெருங்கல்வி நிலையமாக வளர்ந்திருந்தது.

கற்பிக்க வந்தவர் முதலில் செய்தது யாது? கற்கத் தொடங்கியதே. தமிழ்த் திண்ணை ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே வந்து பள்ளி நடத்துமாறு அவர்கள் வேண்டினர். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் நெடுங்கணக்கினை எழுதிப் பழகினர். பல்கலைக்கழகம் கண்ட இளைஞர் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளோடு 'அ, ஆ' எழுதிய அக்காட்சி நினைக்குந்தோறும் நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. அவ்வாசிரியர் போர்த்துக்கீசிய மொழி அறியார்; இவர்களோ தமிழ் அறியார். எழுத்துகளைக் கற்றனர், சொற்களைப் படித்தனர். பொருள் மட்டும் விளங்கவில்லை. காசிமேட்டுச் சிறுமியின் நிலையும் தரங்கம்பாடி அறிஞரின் நிலையும் ஒன்றாய் இருந்தமை காண்க. பின்னர்ப் பன்மொழி அறிந்த அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொண்ட பிறகே தமிழ் அவர்களிடம் பேசத் தொடங்கிற்று. 'இது என்ன?' என்று கேட்பதற்கு ஒருவரும், விடை கூறுவதற்கு மற்றொருவரும் இருந்தாலன்றிக் கல்வி நிறைவுறாது என்பதனைச் சீகன்பால்கு தம் அனுபவத்திலேயே கண்டிருப்பார்.

1707ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் அவர்தம் பள்ளிகள் தொடங்கின. பெண்குழந்தைகட்கும் பள்ளி அமைந்தது. சிறு ஞானோபதேசம் தமிழாக்கம் பெற்றது. 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய தமிழ் நீதி நூல்களைச் சீகன்பால்கு செருமானியத்தில் மொழிபெயர்த்தார். தம் நூலைத் தமிழர்க்குத் தந்தவர், தமிழ்க் குழந்தைகள் ஓதிய நூலைத் தம் நாட்டார்க்கும் தந்தார். 1713இல் ஆலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடி வந்தன. 1716இல் ஆசிரியப் பயிற்சிக்கெனத் தனிக்கூடம் எழுந்தது. 1719இல், 36 வயதில் அவர் மறைந்தார்.

சென்னையும் பழவேற்காடும்

தரங்கம்பாடியிலிருந்து 1726இல் பெஞ்சமின் சூல்ட்சே என்பார் சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கினார். 1742இல் பிலிப்பு பப்ரிசியஸ் வந்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபொழுது, அவர் வடக்கே ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். எண்ணூருக்கு வடக்கே, ஏரியும் கடலும் சூழ அமைந்த அப்பழவேற்காடு நம்மில் பலர்க்கு உறவினர் ஊர். பழைமையான முஸ்லிம் குடியிருப்பும் ஒல்லாந்தர் கல்லறைகளும் அங்கே அருகருகே உள்ளன. அமைதி திரும்பியபின் பப்ரிசியஸ் வேப்பேரியில் பணியைத் தொடர்ந்தார். 1779இல் அங்கு அச்சான அவரது தமிழ்–ஆங்கில அகராதி இன்றும் தமிழறிஞரால் மதிக்கப்படுகின்றது. அகராதி என்பது யாது? ஒரு மொழியின் ஒவ்வொரு சொல்லையும் நோக்கி 'இது என்ன?' என்று வினவிப் பெற்ற விடைகளின் தொகுப்பன்றோ!

கடல் கடந்த மணல்

இதுகாறும் மேல்நாட்டு முறை இங்கு வந்த கதையைக் கண்டோம். இங்குள்ள முறை மேல்நாடு சென்ற கதையும் உண்டு. அதனைச் செய்தவர் லூத்தரன் அல்லர். ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த ஆண்ட்ரூ பெல். 1789இல் எழும்பூரிலிருந்த ஆண்பிள்ளைகள் அனாதை இல்லத்தின் பொறுப்பினை அவர் ஏற்றார். தமிழ்த் திண்ணைப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதனைக் கண்டு வியந்து, அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். அங்கிருந்த ஆசிரியர்கள் இதனை விரும்பாமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையவர்க்கு எழுத்துக் கற்பித்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் இளையோர்க்குப் பாடம் சொல்லித் தரும் 'சட்டாம்பிள்ளை' வழக்கத்தை இது நினைவூட்டும்.

1797இல் இலண்டனில் இம்முறையைப் பற்றிய தம் நூலினைப் பெல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் அஃது இங்கிலாந்தின் பள்ளிகளிற் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு ஸ்காட்லாந்தில் அமைந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்பெறுகின்றது. நம் நகரின் பெயரை ஓர் அயல்நாட்டுப் பள்ளி தாங்கி நிற்பது நம் திண்ணை மணலினால் வந்த பெருமையாகும்.

ஓதும் பள்ளியின் ஒளி

நம் சிறுவர் பலர்க்கு முதற்பள்ளி, மறை ஓதும் மக்தபே. பலகையில் எழுதி, உரக்க ஓதி, ஆசிரியர்முன் ஒப்பித்து, பிழை திருத்தப்பெற்று அடுத்த பாடம் செல்லும் முறை நூற்றாண்டுகளாக வழங்கி வருவது. மறையில் ஒரு சொல்லும் பிறழாமை காத்த பெருமை இம்முறைக்கு உண்டு. அரபு எழுத்தறிந்த தாய்மார் தமிழ்ப் பொருளையும் அறிதல் வேண்டும் என்னும் வேட்கையால் நம் முன்னோர் அரபுத்தமிழில் நூல்கள் இயற்றினர். அதுவும் 'இது என்ன?' என்னும் வினாவிற்கு நம்மவர் தந்த விடையேயாகும்.

பதினான்காம் நூற்றாண்டுப் பேரறிஞர் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் கற்பித்தலைப் பற்றித் தனி இயல்கள் வகுத்துள்ளார். ஒரு கலையை மூன்று சுற்றில் கற்பித்தல் வேண்டும் என்பது அவர் முடிவு. முதற்சுற்றில் சுருக்கம், இரண்டாவதில் விளக்கம், மூன்றாவதில் எதுவும் மறைவின்றி முழுமை. கடுமையான தண்டனை, சிறப்பாகச் சிறுவர்க்கு, தீங்கு பயக்கும். அஃது ஊக்கத்தைக் கெடுத்துப் பொய்யும் வஞ்சனையும் பழக்கும் என்றும் அவர் எச்சரித்தார். லூத்தர் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகட்கு முன்பே மறைந்தவர் இப்னு கல்தூன். ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றார் என நாம் கூறவில்லை. குழந்தையை உற்று நோக்கியவர்கள் எந்நாட்டினராயினும் ஒத்த முடிவினையே எய்துவர் என்பதே நாம் கருதுவது.

குறைகளும் உண்டு

எம்முறையையும் குறையின்றிப் புகழ்தல் ஆய்வாகாது. லூத்தரன் பள்ளிகள் தம் சமயத்தைப் பரப்பும் நோக்குடன் எழுந்தவை என்பதனை மறைத்தற்கில்லை. கேள்வியும் விடையும் இரண்டுமே அச்சில் இருந்தமையால், காலப்போக்கில் விடையையும் பொருளுணராது ஒப்பிக்கும் நிலை பல இடங்களில் நேர்ந்தது. 'இது என்ன?' என்னும் உயிர்ப்புள்ள வினாவும் மனப்பாடப் பகுதியாகிவிட்டால் அதனாற் பயனென்ன? திண்ணைப் பள்ளியிலோ கோதண்டத்திற் கட்டித் தொங்கவிடுதல் போன்ற கொடுந்தண்டனைகள் இருந்தன. பெல்லின் முறையும் குறைந்த செலவில் நிறைந்த மாணவர் என்னும் கணக்கிற்குப் பயன்பட்டு, பல பள்ளிகளில் வெறும் பயிற்சியாகச் சுருங்கிற்று. மூன்று மரபுகளும் எப்பொழுது வாடின? கேட்கும் வினா உண்மையான வினாவாக இல்லாதொழிந்தபொழுது வாடின.

நாம் செய்யத்தக்கது

இராயபுரம் முதல் எண்ணூர் வரை பரந்த இவ்வட்டாரம் உழைப்பால் உயர்ந்தது. துறைமுகத்திலும் தொழிற்கூடங்களிலும் கடலிலும் பாடுபடுவோர் பிள்ளைகளே நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோர் இவருட் பலர். இவர்கட்குப் பாடம் பதியாமலில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பதியவைத்தே அனுப்புகின்றனர். இரண்டாம் படியில் ஏற்றிவிட ஆளில்லாமையே குறை. வீட்டில் கேட்டுச் சொல்ல நேரமும் கல்வியும் உள்ளோர் தம் பிள்ளைகட்கு அதனைச் செய்துகொள்கின்றனர். ஏனையோர் பிள்ளைகள் ஒப்பித்தலோடு நின்றுவிடுகின்றனர். ஆகவே, இது வெறும் கற்பித்தல் நுட்பம் பற்றிய செய்தியன்று. நீதி பற்றிய செய்தியாகும்.

இக்குறையில் நமக்கும் பங்குண்டு. தேர்வு நெருங்குங்கால் குறிப்புகளைத் தந்து, 'இதனை அப்படியே எழுதுக' என்று நாமே கூறியதுண்டு. பட்ட வகுப்பிலும் முதற்படியிலேயே மாணவரை நிறுத்திவைத்த பொறுப்பினை நாம் ஏற்றுக்கொள்ளுதல் முறை.

இனிச் செய்யத்தக்கன மூன்று. மாலை வகுப்பில் கற்பிக்கும் மாணவர், ஒரு நாளைக்கு ஒரு பாட்டினையேனும் முழுவதும் ஒப்பிக்கச் செய்து, பின் சொல்லுக்குச் சொல் 'இது என்ன?' என வினவுதல் வேண்டும். விடையினை நூலில் தேடாது குழந்தையின் தெருவில் தேடுதல் வேண்டும். இரண்டாவது, மூத்த பிள்ளையை இளையதற்குச் சட்டாம்பிள்ளையாக்குதல் வேண்டும்; அச்சுறுத்துவதற்கன்று, விளக்குவதற்கு. மூன்றாவது, பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். இரவு உணவின்போது பிள்ளையிடம் 'இன்று என்ன படித்தாய்?' என்பதோடு நில்லாது, 'அதற்கு என்ன பொருள்?' என்றும் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயாரும் இவ்வினாவினைக் கேட்கலாம். விடை சொல்ல முயலும் பிள்ளை அன்னைக்கு ஆசிரியராகும். அதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை.

அன்று மாலை நிகழ்ந்ததன் எஞ்சிய பகுதியைக் கூறி முடிப்போம். நம் மாணவி அச்சிறுமியைக் கைப்பிடித்து வாயிலுக்கு அழைத்துச் சென்றாள். துறையில் நின்ற படகுகளைக் காட்டி, "அதோ நிக்குதே, அதுதான் கலம்" என்றாள். சிறுமி சற்றுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப பாட்டுல வர்றது எங்கப்பா போற போட்டாக்கா?" என்றாள். பின்னர் அப்பாட்டினை மீண்டும் ஒருமுறை, யாரும் கேளாமலே, தானாகச் சொன்னாள். முன்னர்ச் சொன்ன அதே சொற்கள்தாம். ஆயின் இம்முறை அவள் கண்கள் மேற்கூரையை நோக்கவில்லை, கடலை நோக்கின.

சிலையில் எழுதுவோம். எழுதியது இன்னதென்று உணர்த்தியும் வைப்போம்.